யாரும் காணாத நாசரேத்து

நம் ஆலயங்களில் உபயதாரர் பெயர் பொறித்த கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. குழல்விளக்கின் மீதும் கொடுத்தவர் பெயரை எழுதிவைக்கும் வழக்கம் நமக்குப் பழகிப்போனது. பெயர் எழுதாத நம்மிடமும் ஓர் ஏக்கம் ஒளிந்திருக்கிறது. நம் செபத்தையும் நோன்பையும் தொண்டையும் யாரேனும் கண்டு, "நன்று" எனச் சொல்ல வேண்டும் என்னும் ஏக்கம் அது. மலைப்பொழிவில் ஆண்டவர் தர்மம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் மறைவில் செய்யுமாறு பணித்தார். அப்பணிப்பை ஒரு மனிதர் எவ்வளவு தொலைவு சுமந்து செல்ல இயலும் என்பதற்கு, சகாராவில் வாழ்ந்து மடிந்த சார்லஸ் தெ ஃபூக்கோவின் வரலாறு சான்று பகர்கிறது.

1858இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். இளமையில் விசுவாசத்தையும் இழந்தார். படை அதிகாரியாயிருந்து விலகி, 1883-84ஆம் ஆண்டுகளில் யூத குருவின் வேடத்தில் மொராக்கோ நாட்டை ஆராய்ந்தார். பாரிசு புவியியல் கழகம் 1885இல் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. உலகம் தரக்கூடிய பாராட்டு இருபத்தாறாம் வயதிலேயே கைக்கு வந்தது; ஆனால் உள்ளத்து வெறுமை தீரவில்லை. 1886 அக்டோபர் இறுதியில் பாரிசிலுள்ள புனித அகுஸ்தீனார் ஆலயத்தில், ஊவ்லென் அடிகளாரிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று இறைவனிடம் திரும்பினார்.

1890இல் திராப்பிஸ்ட் துறவியானார். அம்மடத்தின் ஏழ்மையும் மறைவும் அவருக்குப் போதவில்லை. 1897இல் அதை விட்டு விலகி, நாசரேத்தில் கிளாரா சபைக் கன்னியரின் மடத்து வேலையாளாகத் தோட்டத்துக் குடிலில் தங்கினார். முப்பது ஆண்டுகள் பெயரற்ற தச்சராயிருந்த இயேசுவைப் போல வாழ்வதே அவர் விருப்பம். ஆயினும், ஒளிந்துகொள்ள வந்த இடத்திலும் மதிப்பு அவரைப் பின்தொடர்ந்தது. கன்னியர் அவரிடம் ஒரு புனிதரைக் கண்டனர். குருப்பட்டம் பெறுமாறு தூண்டினர். மறைவைத் தேடுவோரையும் புகழ் தேடிவரும் என்பதை நாம் இங்கே கவனிக்க வேண்டும்.

1901இல் குருவாகி, அல்ஜீரியாவின் பெனி அப்பேஸில் குடியேறினார். தம்மோடு வாழச் சகோதரர் பலர் வருவர் என நம்பி விதிமுறைகளும் எழுதினார். நிலைத்துத் தங்கியவர் ஒருவருமில்லை. 1905இல் துவாரெக் மக்கள் வாழும் தமன்ராசெத் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கும் மனமாற்றங்கள் என்று எண்ணிக்காட்ட அநேகமாய் ஒன்றுமில்லை.

அதனினும் கடுமையான சோதனை ஒன்று வந்தது. உடன் நிற்கக் கிறிஸ்தவர் ஒருவராவது இல்லாமல் குரு தனித்துத் திருப்பலி நிறைவேற்றலாகாது என்பது அந்நாளைய சட்டம். மக்களை விட்டு வெளியேறினால் திருப்பலி உண்டு. அவர்களோடு தங்கினால் இல்லை. அவர் தங்கினார். 1907ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா அவருக்குத் திருப்பலியின்றிக் கழிந்தது. 1908 சனவரியில் நோயுற்று வீழ்ந்தார். கடும் வறட்சியிலும் அண்டை அயலார் ஆட்டுப்பால் தேடிக் கொணர்ந்து அவரைக் காத்தனர். கொடுக்க வந்தவர் பெறுபவரானார். அம்மாத இறுதியில்தான், தனித்துத் திருப்பலி நிறைவேற்றும் அனுமதி உரோமையிலிருந்து அவரை வந்தடைந்தது.

இங்கு ஒரு தெளிவு தேவை. பிறர் பாராட்டைத் துறப்பது தன்போக்கில் நடப்பதாகாது. அவர் ஊவ்லென் அடிகளாரின் ஆலோசனையை நாடினார். திருச்சபையின் அனுமதிக்குக் காத்திருந்தார். திருத்தப்படுவதற்கு இசைந்தார், புகழப்படுவதை நாடவில்லை. ஆண்டுக்கணக்காய் உழைத்துத் தொகுத்த துவாரெக் மொழி ஆய்வுகளையும் தம் பெயரில் வெளியிட அவர் விரும்பவில்லை. தம் காலத்துப் பிரெஞ்சு ஆட்சியின் கண்ணோட்டத்திலிருந்து அவர் முற்றும் விடுபட்டவரல்லர் என்பதும் உண்மை. குறையற்றவர் என்பதற்காகவன்று, பலன் காணாமலும் அன்பில் நிலைத்தவர் என்பதற்காகவே அவரை நினைக்கிறோம்.

1916 டிசம்பர் 1ஆம் நாள் மாலை, தம் இருப்பிடத்தின் வாயிலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வழியில் வாழும் துறவியர் குழு அன்று ஒன்றுகூட இல்லை. 1933இல் இயேசுவின் சிறிய சகோதரர் சபையும், 1939இல் சிறிய சகோதரிகள் சபையும் தோன்றின. விதைத்தவர் அறுவடையைக் காணவில்லை.

2022 மே 15ஆம் நாள் வத்திக்கானில் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அதே திருப்பலியில் நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயமும் புனிதரானார். திருவிதாங்கூர் அரசவையின் மதிப்பை இழந்து, எருமைமீது ஏற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டவர் அவர். அந்தப் பீடத்துப் பெருமைக்கும் அவரது இறப்புக்கும் இடையே 270 ஆண்டுகள். உயிர்விட்ட வேளையில் இருவருக்கும் எந்தப் பீடமும் கண்ணில் தெரியவில்லை.

நம் பெயர் வாசிக்கப்படாத நாளிலும் தர்மம் தொடருமா? ஆறுதல் எதுவும் உணராத வேளையிலும் செபமாலை நம் கையில் இருக்குமா? நன்றி சொல்லாத நோயாளியிடம் மீண்டும் செல்வோமா? இவற்றுக்கு நாம் தரும் விடையில்தான் நம் நாசரேத்து தொடங்குகிறது. மறைவில் காணும் தந்தைக்கு அது போதும், நமக்கும் போதுமானதாகட்டும்.