மாத்திரை திசைதிருப்பிய மின்னோட்டம்

மூளைக்கு மின்சாரத்தால் மருத்துவம் செய்யும் எண்ணம் நேற்றுத் தோன்றியதன்று. மனச்சோர்வுற்ற ஒரு விவசாயியின் தலையில் மின்கல அடுக்கின் ஓட்டத்தைச் செலுத்தியதை, இத்தாலியரான ஜியோவன்னி அல்டினி 1804இல் வெளியிட்ட நூலில் பதிவுசெய்துள்ளார். 1938இல் உரோம் நகரில் செர்லெட்டியும் பினியும் வலிப்பை வரவழைக்கும் மின்னதிர்ச்சியை அறிமுகம் செய்தனர். மருந்தின் குறுக்கீடு இச்சிகிச்சையில் வெளிப்படையாகவே தெரியும். வலிப்புத் தடுப்பு மாத்திரை உட்கொள்பவருக்கு வலிப்பு எளிதில் வராது.

மென்மையான மின்னோட்டத்தின் கதையோ வேறு. ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேயும் வால்ட்டர் பவுலுஸும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், தலைமேல் செலுத்திய 1 மில்லி அம்பியர் ஓட்டமே மூளையின் இயக்கப் பகுதியை மாற்றியது. அனோட்டு அதன் கிளர்ச்சியைக் கூட்டியது, கதோட்டு குறைத்தது. 13 நிமிடம் செலுத்தினால் விளைவு ஒன்றரை மணிநேரம் வரை நீடிப்பதை மறு ஆண்டே காட்டினர்.

ஓட்டம் நின்றபின்னும் விளைவு நிற்பது எப்படி? 2002இல் அக்குழுவினர் மாத்திரைகளையே ஆய்வுக் கருவிகளாக்கினர். இருமல் பாணியில் சேர்க்கப்படும் டெக்ஸ்ட்ரோமெதோர்பனைக் கொடுத்ததும், இரு முனைகளின் பின்விளைவும் மறைந்தன. வலிப்பு மருந்தான கார்பமசெபின் அனோட்டின் விளைவை அழித்தது. மின்சாரம் கலத்தின் மின்னழுத்தத்தைச் சற்றே சாய்க்கிறது. அதை நிலைக்கச் செய்வது குளூட்டமேற்று போன்ற இரசாயனங்களே என்பது புலனாயிற்று.

அடுத்து வந்தது வியப்பு. பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபாவில் 100 மில்லிகிராம் கொடுத்தபோது அனோட்டின் தூண்டல் தடையாகத் திரும்பியது (2008). 2009இல் மனச்சோர்வு மருந்தான சிட்டலோபிராம் அனோட்டின் விளைவை நீடித்து, கதோட்டின் தடையைத் தூண்டலாக மாற்றியது. மின்னோட்டம் அதேதான், விளைவு மட்டும் எதிர்த்திசையில்.

எங்கள் பத்திரிகைத் தொழிலில் இதற்கு "மின்சாரமா, மாத்திரையா?" என்றே தலைப்பிடுவோம். தவறான கேள்வி அது. 2013இல் பிரேசிலில் 120 நோயாளரிடம் நடந்த ஆய்வில், 50 மில்லிகிராம் செர்ட்ராலினும் மின்னோட்டமும் சேர்ந்தபோது, ஒவ்வொன்றும் தனித்துத் தந்ததைவிடக் கூடிய பலன் கிடைத்தது. ஆனால் 2023இல் வெளியான ஜேர்மன் ஆய்வில் 160 பேர் பங்கேற்றும், மெய்யான ஓட்டம் போலி ஓட்டத்தை விஞ்சவில்லை. பிரேசிலில் மாத்திரையும் மின்சாரமும் ஒன்றாகத் தொடங்கின; ஜேர்மனியரோ ஏற்கெனவே பல வாரங்கள் மாத்திரை உட்கொண்டு வந்தவர்கள். முரண்பாட்டுக்கு அதுதான் காரணமா என்பதை எவரும் இன்னும் நிறுவவில்லை.