படகு இருந்தது, நேரம் போய்விட்டது



சென்ற காலாண்டில் நம் வளாகத்தில் நடந்த தீ ஒத்திகை உங்களுக்கு நினைவிருக்கும். காலை பதினோரு மணிக்கு அபாய மணி அடித்தது. கீழே இறங்கி வந்தவர்களைவிடப் பால்கனியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். இறங்கியவர்களிலும் சிலர் லிஃப்டில் வந்தார்கள். ஒரு பிளாக்கின் படிக்கட்டில் பழைய கட்டிலும் குழந்தைகளின் சைக்கிளும் வழியை மறித்தன. "எல்லாரும் வந்தாச்சா?" என்று செயலாளர் கேட்டபோது பதில் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. அடுத்தவரைச் சொல்வானேன், அடுப்பை அணைத்து, போனைத் தேடி, கதவைப் பூட்டிக்கொண்டு நான் கீழே வர ஒன்பது நிமிடம் ஆனது.

அதனால்தான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்குக் கப்பல் விபத்துகளை எடுத்துக்கொண்டேன். ஏரியும் தெப்பக்குளமும் பார்த்து வளர்ந்த திருப்புட்குழிக்காரர்களுக்குக் கப்பல் எதற்கு என்று கேட்கலாம். பல மாடிகள், நீண்ட நடைபாதைகள், பக்கத்து அறையில் யார் என்றே தெரியாத மனிதர்கள், இறங்க ஒன்றிரண்டு படிக்கட்டுகள். பயணிகள் கப்பல் என்பது மிதக்கும் அடுக்குமாடிதானே!

டைட்டானிக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1912 ஏப்ரலில் சுமார் 2,200 பேருடன் சென்ற அந்தக் கப்பலில் 20 படகுகள் இருந்தன. அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். படகு போதவில்லை என்பதே நாம் படித்த பாடம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். பனிப்பாறையில் மோதி ஒரு மணி நேரம் கழித்துத்தான் முதல் படகு இறங்கியது. 65 பேர் ஏறக்கூடிய அந்தப் படகில் இருந்தவர்கள் 28 பேர் மட்டுமே. வெளிச்சமான பெரிய கப்பலை விட்டு, இருட்டில் ஒரு சிறு படகில் ஏற யாருக்கு மனம் வரும்? இருந்த இடங்கள்கூட நிரம்பவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு 1914இல் உலக நாடுகள் கூடி, கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தன. சிக்கல் தீர்ந்ததா?

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜுலா' கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை ஓட்டிய பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் இன்னொரு கப்பல் 'தாரா'. பம்பாய்க்கும் வளைகுடாத் துறைமுகங்களுக்கும் இடையே ஓடியது. 1961 ஏப்ரல் 7 அன்று துபாய்க்கு வெளியே அது நங்கூரமிட்டிருந்தபோது புயல் வந்தது. நின்றால் ஆபத்து என்று கேப்டன் கப்பலைக் கடலுக்குள் கொண்டுபோனார். வழியனுப்ப வந்த உறவினர்கள், சரக்கு இறக்க வந்த கூலியாட்கள், சாமான் விற்க வந்த வியாபாரிகள் எல்லோரும் அப்போது கப்பலிலேயே இருந்தார்கள். இறங்க அவகாசம் இல்லை.

மறுநாள் விடியற்காலை, பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தபோது கப்பலில் குண்டு வெடித்தது. தீ மளமளவென்று பரவியது. மின்சாரம் போனது, சுக்கான் செயலிழந்தது, தீயணைக்கும் தண்ணீர்க் குழாயும் பயன்படாமல் போனது. கொந்தளிக்கும் கடலில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய ஒரு படகு கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 819 பேரில் 238 பேர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த கப்பல்கள் விரைந்து வந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள்.

இங்கே நான் உங்களைச் சற்று நிறுத்துகிறேன். வழியனுப்ப வந்தவர்கள் எந்தப் பயணச்சீட்டிலும் இல்லாதவர்கள். உயிர்காப்பு உடை எங்கே, படகு எந்தப் பக்கம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? இப்போது நம் வளாகத்தை நினையுங்கள். தீபாவளிக்கோ தெப்போற்சவத்துக்கோ வந்து தங்கும் உறவினர்கள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், கூரியர் தம்பிகள். உறுப்பினர் பட்டியலில் இவர்கள் யாரும் இல்லை. மணி அடித்தால் எந்தப் படிக்கட்டில் இறங்குவது என்று இவர்களுக்குத் தெரியுமா?

அடுத்தது சென்னைவாசிகள் நன்கறிந்த 'சிதம்பரம்' கப்பல். 1966இல் பிரான்சில் 'பாஸ்தேர்' என்ற பெயரில் கட்டப்பட்டது. 1972இல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, பெயர் மாற்றி, சென்னை–சிங்கப்பூர் வழியில் ஓட்டியது. பழைய கப்பலில் இருந்ததைவிடப் பல மடங்கு பயணிகள் ஏறும்படி அடுக்குப் படுக்கைகள் போட்டார்கள். ஏழை, நடுத்தரக் குடும்பங்கள் மலேசியா, சிங்கப்பூர் போய்வர அதுவே வழி. 1984 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மறு ஆண்டு கப்பல் உடைக்கப்பட்டது.

கப்பல் தீயில் நெருப்புக்கு முன்னால் வருவது புகை. நடைபாதையில் நுழைந்து, படிக்கட்டு வழியே புகைபோக்கியில் ஏறுவதுபோல மேலே ஏறும். அந்தப் படிக்கட்டில்தான் மனிதர்களும் ஏறியாக வேண்டும். மாடி வீட்டிலும் இதே கதைதான். படிக்கட்டுப் பக்கத்துத் தீக்கதவைச் செங்கல் வைத்துத் திறந்து வைப்பது காற்றுக்கு நல்லதாகத் தோன்றும். தீப்பிடித்தால் புகைக்கும் அதுவே வாசல்.

கடைசியாக, இத்தாலியின் 'கோஸ்டா கான்கார்டியா'. 2012 ஜனவரி 13 இரவு 9.45க்கு ஜிக்லியோ தீவை ஒட்டிப் பாறையில் மோதியது. கப்பலில் 4,200க்கும் மேற்பட்டோர். பணியாளர்களில் சுமார் இருநூறு பேர் இந்தியர்கள். கரை கூப்பிடு தூரம், எல்லோருக்கும் படகு உண்டு. ஆனால் பயணிகளிடம் "மின்சாரக் கோளாறுதான்" என்று சொல்லப்பட்டது. சிலரை அறைக்கே திரும்பிப் போகச் சொன்னார்கள். கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அதற்குள் கப்பல் சாய்ந்துவிட்டது. மேலே தூக்கிய பக்கத்தில் படகுகளை இறக்குவது பெரும்பாடாகிப் போனது. நடைபாதைகள் கிணறுபோல ஆயின. 32 பேர் இறந்தார்கள், அவர்களில் ஓர் இந்தியப் பணியாளரும் உண்டு. எல்லோரும் இறங்கும் முன்னே கரை சேர்ந்த கேப்டனுக்கு 16 ஆண்டு சிறை.

அன்று மாலைதான் ஏறிய பல நூறு பயணிகளுக்கு அவசர ஒத்திகையே நடக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. மறுநாள் நடத்துவதாக இருந்தார்கள். 2015 முதல் விதி மாறியது. கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடந்தாக வேண்டும்.

டைட்டானிக்கில் படகு குறைவு, கான்கார்டியாவில் படகு போதும். இரண்டிலும் வீணானது முதல் ஒரு மணி நேரம். "பெரிதாக ஒன்றும் இருக்காது" என்ற எண்ணமே அதை விழுங்கியது. காஞ்சியில் வரதர் கருட சேவைக் கூட்டத்தில் சிக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். நெரிசல் கூடிய பிறகு வழி தேட முடியாது, முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் மனிதர்கள் பழகிய வழியைத்தான் தேடுவார்கள். நாம் தினமும் பழகுவது லிஃப்ட்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். இன்று மாலை ஒருமுறை வீட்டாருடன் படிக்கட்டில் இறங்கி, கூடுமிடம் வரை நடந்து பாருங்கள். பாட்டி தாத்தாவை யார் கைபிடித்து அழைத்து வருவது என்று இப்போதே பேசி வையுங்கள். படிக்கட்டில் உள்ள கட்டிலும் பூந்தொட்டியும் உங்களுடையதானால் எடுத்துவிடுங்கள். விருந்தினர் வந்தால் காபி கொடுத்த கையோடு படிக்கட்டையும் காட்டுங்கள். தனியே வாழும் முதியவர்கள், நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீட்டு எண்களைப் பிளாக் பிரதிநிதியிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த ஒத்திகையில் மணி அடிக்கும்போது பால்கனிக்குப் போகாமல் கீழே வாருங்கள். என் ஒன்பது நிமிடத்தை மூன்றாகக் குறைக்க நானும் முயல்கிறேன். கூடுமிடத்தில் சந்திப்போம்.