மடியில் இருந்த பிள்ளைகள்

பதுளையில் வளர்ந்த நாம் எவரும் சிறு வயதில் காரில் தனி ஆசனத்தில் இருந்ததில்லை. உம்மாவின் மடி, இல்லாவிட்டால் முன்சீட்டில் மாமாவின் மடி. ஹாலிஎலைக்கும் பசறைக்கும் அப்படித்தான் போய் வந்தோம். அந்த மடிக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு.

அமெரிக்காவில் சிறு பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு ஆசனத்தை முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் டென்னஸி. 1978 ஜனவரியில் சட்டம் அமுலுக்கு வந்தது. அதற்காகப் பல வருடம் அலைந்தவர் ரொபர்ட் சாண்டர்ஸ் என்ற பிள்ளை வைத்தியர். ஆனால் சட்டசபையில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டார்கள்: பெரியவர் ஒருவர் பிள்ளையைக் கையில் வைத்திருந்தால் போதுமாம்! சாண்டர்ஸ் அதைப் 'பிள்ளையை நசுக்கும் திருத்தம்' என்றே அழைத்தார். 1981இல்தான் அது நீங்கியது.

ஏன் அப்படிச் சொன்னார்? வகுப்பில் போடுகிற கணக்குத்தான். மணிக்கு 50 கிலோமீற்றரில் போகும் வாகனம் மோதி, ஒரு செக்கனில் பத்திலொரு பங்குக்குள் நின்றால், 10 கிலோ பிள்ளை ஏறக்குறைய 140 கிலோ பாரமாக முன்னால் இழுபடும். கிட்டத்தட்ட மூன்று உரமூட்டை. எந்த உம்மாவின் கையும் அதைத் தாங்காது.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1951இல் வந்தது. சாரதிக்கும் முன்சீட்டுப் பயணிக்கும் ஆசனப்பட்டி கட்டாயமானதோ 2011 ஒக்டோபரில். பின்சீட்டுப் பிள்ளையை அந்த விதி காணவேயில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் எல்லாப் பயணிகளும் பட்டி அணிய வேண்டும் என்றார்கள், ஆனால் அதிவேக நெடுஞ்சாலைகளில். ஊவாவில் அப்படி ஒரு சாலை ஏது? மூன்று நாள் கழித்து, 4ஆம் திகதி இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் போனார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் போகும் த்ரீவீலில் பட்டியே இல்லை. அவர்களிடம் பூஸ்டர் சீட் பற்றிப் பேச நமக்கு வாய் வராது. கார் உள்ளவர்களிடம் பேசலாம். கைக்குழந்தையின் ஆசனம் பின்பக்கம் பார்த்தபடி, பின்சீட்டில் இருக்க வேண்டும். எயார்பேக் உள்ள முன்சீட்டில் ஒருபோதும் வைக்கக்கூடாது. பட்டி கழுத்தில் உரசினால், பிள்ளை இன்னும் சிறியது, உயர்த்தும் ஆசனம் தேவை. பட்டியைக் கமக்கட்டுக்குள் விடுவது தீர்வல்ல.

நாம் வாங்கும் பழைய கார்கள் பெரும்பாலும் ஜப்பானில் இருந்து வருபவை. அங்கே 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆசனம் 2000 ஏப்ரலிலேயே கட்டாயம். அதனால் பல கார்களில் பின்சீட்டு மடிப்புக்குள் அதற்கான இரும்புக் கொளுவி இருக்கும். நம்மில் எத்தனை பேர் கையை விட்டுப் பார்த்திருக்கிறோம்?