பரதேசிகளின் தாயகம்

பெங்களூர் மைசூர்ச் சாலையில் யூதர்க்குரிய சிறிய இடுகாடு ஒன்று உண்டு. நம் சங்கத்து அன்பர் பலர் அவ்வழியே நாள்தோறும் சென்றும் அதனை அறிந்திலர். யூதர்க்கும் தமிழர்க்கும் என்ன உறவு என வினவுவார்க்கு முசிறியை நினைவூட்ட விரும்புகிறோம். சங்கப் புலவர் பாடிய அச்சேரநாட்டுத் துறைமுகத்தை அடுத்தே தம் முன்னோர் குடியேறினர் என்பது கொச்சி யூதரின் மரபுச் செய்தி.

மரபு நிற்க, சான்றும் உண்டு. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கிச் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். எழுத்து வட்டெழுத்து, மொழியோ, தமிழினின்று மலையாளம் பிரிந்துவந்த காலத்தது. பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம் என அவ்வுரிமைகளை அடுக்குமிடத்து நமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டா. (பாவாடை ஈண்டு மகளிர் உடையன்று, பெரியோர் நடந்துவர நிலத்தில் விரிக்கும் துணி.) அவனுக்கு அளித்த 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகர் குழுப் பெயர் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகின்றது. அச்செப்பேட்டின் படியை 2017இல் இந்தியப் பிரதமர் இசுரேல் பிரதமர்க்குப் பரிசாக வழங்கினார்.

சேலம், ஈரோடு, பாலக்காடு வழியாக எர்ணாகுளம் சென்று, அங்கிருந்து மட்டாஞ்சேரி யூதர் தெருவை யாம் கண்டோம். தெருக்கோடியில் நிற்பது 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம். ஸ்பெயின் முதலிய நாடுகளில் துரத்தப்பட்டுப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தோர்க்குப் 'பரதேசி' என்பது பெயர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்க்கு நிலம் ஈந்தார்; அரண்மனைக் கோவிலும் ஜெப ஆலயமும் அண்டை அயலாய் இன்றும் நிற்கின்றன. 1662இல் போர்த்துக்கீசியர் அவ்வாலயத்தை அழிக்க, மறு ஆண்டு கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் காலத்தில் அது புதுப்பிக்கப்பெற்றது. தரையில் நீலம் தீட்டிய சீன ஓடுகள். மேலே கண்ணாடி விளக்குகள். நம் கோவில்களிற் போலவே மிதியடியைக் கழற்றிவிட்டே உட்புக வேண்டும். 1968இல் நானூறாம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலையும் வெளியிடப்பெற்றது.

அழகை மட்டும் கூறிச் செல்லுதல் முறையன்று. பரதேசியர், விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்த யூதரைத் தம்மோடு சமமாக அமரவிடாத காலமும் இருந்தது. அக்குலத்தில் பிறந்து, சென்னையில் கல்வி பெற்று வழக்கறிஞரான ஏ. பி. சேலம் என்பார் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என அவரை அழைத்தனர். துரத்தப்பட்டு வந்தோரே பிறரை வாயிலில் நிறுத்தினர் என்பது எமக்கு வியப்பன்று, வருத்தமே.

1948இல் இசுரேல் தோன்றியபின், 1950களில் 2,000க்கு மேற்பட்ட கொச்சி யூதர் பெயர்ந்தனர். விரட்டியவர் எவருமிலர், வேதம் சொன்ன நிலம் அழைத்தது, சென்றனர். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் ஆலயத்தின் செதுக்கிய மரவேலைகளும் பின்னர் எருசலேம் அருங்காட்சியகம் சேர்ந்தன. நெகேவ் வறண்ட நிலத்து நெவாத்திம் என்னும் ஊரில் அவர்கள் உழுது பயிரிட்டனர். மலையாளத்தில் யூத மாதர் பாடிவந்த பாடல்களைப் பழைய கையேடுகளினின்று அங்கும் பாடினர்.

இன்று அவர்தம் மக்களும் பேரரும் கொச்சிக்குச் சுற்றுலாப் பயணியராய் வருகின்றனர். பாட்டனார் இல்லம் இருந்த தெருவில் இப்போது பழம்பொருட் கடைகளும் நறுமணப் பண்டக் கடைகளும். மலையாளம் அறிந்த முதியோர் முன்னே பேச, இளையோர் பின்னே நின்று படம் எடுக்கின்றனர். பரதேசி என்னும் சொல் இப்பொழுது யார்க்குரியது? கோடை விடுமுறையில் வேலூருக்கும் தருமபுரிக்கும் விருந்தினராய்ச் சென்று, ஊர்ப்பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை ஈண்டு எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

பரவூர், சேந்தமங்கலம் ஜெப ஆலயங்கள் இன்று அருங்காட்சியகங்கள். சேந்தமங்கலத்து வாயிலருகே சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக் கல், 1269ஆம் ஆண்டினது, எபிரேய எழுத்துகளோடு நிற்கின்றது. அவளைப் பற்றி வேறு செய்தி இல்லை. அவள் தந்தையின் பெயர் இசுரேல்.

காணச் செல்லும் அன்பர் ஒன்றை மறவற்க: சனிக்கிழமை ஓய்வுநாள், மட்டாஞ்சேரி ஆலயத்தில் அன்று பார்வையாளர்க்கு இடமில்லை. அதனை எண்ணி எர்ணாகுளம் செல்லும் வண்டியில் முன்பதிவு செய்க.