சக்கை (சமையல்)

இக்கட்டுரை சாறு பிழிந்தபின் எஞ்சும் பொருள் பற்றியது. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் சக்கை எனப்படும் பழத்திற்கு, பலா என்ற கட்டுரையைப் பார்க்கவும்.

சக்கை என்பது பழம், காய்கறி, தேங்காய் முதலியவற்றிலிருந்து சாறு அல்லது பால் பிழிந்து எடுத்தபின் எஞ்சும் நார்ப்பொருள் ஆகும். வடிகட்டியில் தங்கும் சக்கை பேச்சு வழக்கில் திப்பி என்றும், இலக்கிய வழக்கில் கோது என்றும் அழைக்கப்படுகின்றது. மின் சாறுபிழி கருவிகள் வீடுகளில் பரவியபின் கேரட், பீட்ரூட், ஆப்பிள் போன்றவற்றின் சக்கையும் சமையலறையில் மிகுதியாகச் சேர்கின்றது.

மரபுவழிப் பயன்பாடு

தமிழர் சமையலில் தேங்காய்ப்பால் முதற்பால், இரண்டாம் பால் எனப் பலமுறை பிழியப்படுகின்றது. அதன் பின்னும் சக்கையில் ஓரளவு கொழுப்பும் நாரும் எஞ்சியிருக்கும். இதனைப் பொரியலில் தூவுவதும், வறுத்துத் துவையல் அரைப்பதும், வெயிலில் உலர்த்திப் பொடிகளில் சேர்ப்பதும் உண்டு.

புளி கரைத்தபின் எஞ்சும் திப்பி பித்தளை, செம்புப் பாத்திரங்களைத் துலக்கப் பயன்படுகின்றது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைப்பதே இதற்குக் காரணம். பீர்க்கங்காய்த் தோல் துவையல், ஆரஞ்சுத் தோல் குழம்பு, தர்பூசணியின் வெண்பகுதிக் கூட்டு ஆகியன எஞ்சும் பகுதியை வீணாக்காத இதே வழக்கத்தைச் சார்ந்த உணவுகள் ஆகும்.

பனம்பழத்தில் இம்முறை இன்னும் விரிவானது. பழத்தைப் பிசைந்து எடுக்கும் களி உலர்த்தப்பட்டுப் பனாட்டு ஆகின்றது. எஞ்சும் விதைகள் மண்ணில் பாத்தி கட்டிப் புதைக்கப்பட, அவை முளைத்துப் பனங்கிழங்கு கிடைக்கின்றது. யாழ்ப்பாணத்தில் கிழங்கை உலர்த்திப் பெறும் ஒடியல் மாவில் மீன், இறால், நண்டு சேர்த்து ஒடியற்கூழ் காய்ச்சப்படுகின்றது.

இன்றைய சமையலில்

சாறு நீங்கிய சக்கையில் இனிப்பும் மணமும் குறைவு. எனவே புளி, மிளகாய், பெருங்காயம் போன்ற சுவை மிகுந்த பொருட்களுடன் அது சேர்க்கப்படுகின்றது.

- கேரட், பீட்ரூட் சக்கை: அடை மாவு, சப்பாத்தி மாவு, வடை, துவையல். சக்கையில் ஈரம் இருப்பதால் மாவில் நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.
- தக்காளிச் சக்கை: ரசம், தொக்கு.
- அன்னாசிச் சக்கை: கேசரி.
- ஆப்பிள் சக்கை: பழப்பாகு. இதிலுள்ள பெக்டின் பாகு கெட்டிப்பட உதவுகின்றது.

ஊட்டம்

சாறு பிழியும்போது சர்க்கரையின் பெரும்பகுதி சாற்றுடன் செல்ல, கரையாத நாரின் பெரும்பகுதி சக்கையில் தங்குகின்றது. உலக சுகாதார அமைப்பின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, பழச்சாற்றின் சர்க்கரையைக் கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளுள் சேர்க்கின்றது. முழுப்பழத்தின் சர்க்கரையைச் சேர்ப்பதில்லை. அதே அமைப்பின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் இயற்கை நார் உண்ண வேண்டும் என்கின்றது. கேரட் சக்கையில் தங்கும் கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆதலால் எண்ணெயில் தாளித்து உண்ணும்போது அது உடலில் எளிதாகச் சேர்கின்றது.

பாதுகாப்பு

பிழியும்போது செல்கள் சிதைவதால் சக்கை முழுக்காயை விட விரைவில் கெடும். காற்றுப்பட்ட ஆப்பிள் சக்கை பழுப்பாவது நொதிகளின் செயலால் ஆகும். கோடைக்காலத்தில், குறிப்பாகப் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட லைட்ஹவுஸ் குப்பம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களில், சக்கையை உடனே சமைப்பதே நன்று. அறை வெப்பநிலையில் 2 மணி நேரத்திற்கு மேல் வைத்தல் கூடாது.

கசக்கும் சுரைக்காயின் சாற்றையோ சக்கையையோ உண்ணக்கூடாது. அதிலுள்ள குக்கர்பிட்டசின் என்னும் நச்சுப்பொருள் கடும் வாந்தியையும் குடலில் இரத்தக்கசிவையும் உண்டாக்கும், உயிரிழப்பும் நேர்ந்துள்ளது. சமைப்பதால் இந்நச்சு நீங்குவதில்லை. பிழிவதற்கு முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்த்து, கசந்தால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த குழு அளித்த அறிவுரை; அக்குழுவின் அறிக்கை 2012இல் வெளியானது. மரவள்ளித் தோல், பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோல், ஆப்பிள் விதை ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

சுற்றுச்சூழல்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்கீட்டின்படி, 2022இல் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது. இதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகும். உணவுக்கழிவு குப்பைமேட்டில் காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வெளியாகின்றது. நீர்நிலைகளில் கொட்டப்படும் கழிவு அழுகுகையில் நீரில் கரைந்துள்ள ஆக்சிசனைக் குறைத்து, மீன்களைப் பாதிக்கின்றது. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு போன்று மீன்பிடிப்பை நம்பி வாழும் ஊர்கள் சூழ்ந்த நீர்நிலைகளுக்கு இது முக்கியமானதாகும். உண்ண இயலாத சக்கையைக் கால்நடைத் தீவனமாகவோ மட்கு உரமாகவோ பயன்படுத்தலாம்.

இவற்றையும் பார்க்க

- துவையல்
- பனாட்டு
- நார்ச்சத்து
- மட்கு உரம்