அடுக்குகளைக் கடந்த இணைகள்

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் விளைவிக்கும் உப்புக்கல் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அதன் எலக்ட்ரான்கள் அயனிகளோடு கட்டுண்டு கிடக்கின்றன. லாந்தனம் தாமிர ஆக்சைடும் தூய நிலையில் கடத்தாப் பொருளே. அங்கே எலக்ட்ரான்களை நிறுத்தி வைப்பது அவற்றின் பரஸ்பர விலக்கம். அதில் பேரியம் கலந்தபோது, ஏறத்தாழ 30 கெல்வினில் மீக்கடத்தியாவதை 1986-இல் பெட்நோர்ட்ஸும் முல்லரும் கண்டனர். மறு ஆண்டே வேறோர் ஆக்சைடில் அவ்வெல்லை 90 கெல்வினைத் தாண்டியது.

இதற்கான தொடக்ககால விளக்கங்களில் தமிழகத்தின் பங்கும் உண்டு. கடத்தாநிலையிலேயே எலக்ட்ரான்கள் இணை சேர்ந்திருக்கின்றன என்ற ஆண்டர்சனின் கருத்துக்கு, 1987-இல் அவரோடும் ஸோவோடும் சேர்ந்து கணித வடிவம் தந்தவர் ஜி. பாஸ்கரன். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவருக்கு 1990-இல் பட்நாகர் விருது கிடைத்தது.

ஒரு புதிர் எஞ்சியது. பிஸ்மத் சேர்மங்களில் தாமிர ஆக்சைடுத் தளங்கள் இரண்டு அடுத்தடுத்து அமைந்தால் சுமார் 85 கெல்வின், மூன்றானால் 110. தனி எலக்ட்ரான் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்திற்கு எளிதில் தாவ இயலாது. இணையாகச் சேர்ந்தால் சுரங்கம் புகுவதுபோல் ஊடுருவும். அதனால் மிச்சமாகும் ஆற்றலே மீக்கடத்தலைத் தாங்குகிறது என்றனர் ஆண்டர்சன் குழுவினர். சுதீப் சக்ரவர்த்தி முதலியோருடன் 1993-இல் அவர் இதை விரித்தெழுதினார்.

இக்கோட்பாடு அளந்து பார்க்கத்தக்க எண்ணொன்றைத் தந்தது. ஒற்றைத் தளம் கொண்ட தாலியம் சேர்மத்தில், அடுக்குகளிடையே சிக்கும் காந்தச்சுழி தளத்தின்வழியே 1 மைக்ரோமீட்டர் அளவே பரவ வேண்டும். காத்ரின் மோலர் குழு 1998-இல் அளந்தபோது கிடைத்தது ஏறத்தாழ 20.

அளந்த கருவி ஸ்குவிட். மெல்லிய தடையை எலக்ட்ரான் இணைகள் ஊடுருவும் என்று ஜோசப்சன் 1962-இல் கணித்த அதே விளைவால் இயங்குவது. மரக்காணத்திற்கு வடக்கே, இதே கடற்கரையில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்குவிட்களை உருவாக்கி, மூளையின் நுண்காந்தப் புலத்தையும் அளந்திருக்கிறார்கள்.

ஆண்டர்சனும் இறுதியில் அடுக்கிடை ஊடுருவல் கோட்பாட்டைக் கைவிட்டார். இணைகள் ஊடுருவுவது பொய்யாகவில்லை. மீக்கடத்தலுக்கு அதுவே காரணம் என்பதுதான் வீழ்ந்தது. 1987-இன் கருத்து இன்றும் விவாதத்தில் இருக்கிறது; முழுமையாக ஏற்கப்பட்ட விடை இன்னும் பிறக்கவில்லை. ஆயினும், விடையை ஒற்றைத் தளத்தினுள்ளேயே தேட வேண்டும் என்பதை நாம் அறிந்துகொண்டது, தோற்ற இக்கோட்பாடு துணிந்து சொன்ன அந்த எண்ணால்தான்.