விரல் நுனியில் தொலைபேசி

காதும் கேளாது, கண்ணும் தெரியாது என்றால் தொலைபேசியில் பேசுவது எப்படி? எண்ணிப் பாருங்கள்.

1964-ல் அமெரிக்காவில், காது கேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் தொலை அச்சுப் பொறியைத் தொலைபேசியுடன் இணைக்க வழி கண்டார். தட்டிய எழுத்து ஒலியாகிக் கம்பி வழியே செல்லும். மறுமுனையில் மீண்டும் எழுத்தாகும். காது கேளாதோர் உரையாடினர். ஆனால் தாளில் அச்சான எழுத்தைக் கண் தெரியாதவர் எப்படிப் படிப்பார்?

பிரெயில் எழுத்துக்கு அடிப்படை ஆறு புள்ளிகள். வந்து சேரும் எழுத்துக்கு ஏற்பச் சிறு ஊசிகளை மின்விசையால் உயர்த்தினால் விரல் படித்துவிடும் அல்லவா? 1980-களில் வந்த டெலிபிரெயில் கருவி இதைத்தான் செய்தது.

அதுவரை தம் நோயைக்கூட மருத்துவருக்குப் பிறர் வாயால் தொலைபேசியில் சொல்லிவந்தவர், இப்போது தாமே சொல்லலானார்.